பங்கோர்க் கடலில் ஒரு நாள்

பயணங்களுள் கடற்பயணம் தனிச்சிறப்பு வாய்ந்தது. சாலை வழியே செல்வோர் ஓர் ஊரை அதன் உள்ளிருந்து காண்கின்றனர். படகில் செல்வோரோ, அவ்வூரின் முகத்தை நேராகவே காண்கின்றனர். மலை எங்கே தாழ்கின்றது, ஆறு எங்கே வந்து கலக்கின்றது, மக்கள் ஏன் இவ்விடத்தைத் தேடிக் குடியேறினர் என்பனவெல்லாம் கடலிலிருந்து நோக்கும்போது எளிதில் விளங்கும். அத்தகைய பயணம் ஒன்றனை மேற்கொள்ளும் வாய்ப்பு, சென்ற பள்ளி விடுமுறையில் எங்களுக்குக் கிட்டியது.

நாங்கள் நண்பர்கள் அறுவர். கீழ்ப் பேராவிலுள்ள ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் பயின்றவர்கள். அத்தோட்டத்துப் பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. பின்னர் லயங்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. இன்று ஆளுக்கோர் ஊரில் வாழ்ந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறை ஒன்றுகூடுவதை வழக்கமாகக் கொண்டுள்ளோம். இம்முறை பங்கோர்த் தீவைப் படகில் சுற்றி வருவதென முடிவு செய்தோம்.

புறப்படுவதற்கு முதல் நாள், நண்பர் ஒருவரின் தாயார் தாமும் வருவதாகக் கூறினார். அவரை நாங்கள் அனைவரும் பெரியம்மா என்றே அழைப்போம். எண்பது வயதைக் கடந்தவர். நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். கடலுக்கு முப்பது மைல் தொலைவிலேயே வாழ்ந்தும், கடற்கரைக்கு ஒரு நாளும் வந்தவரல்லர். அவருடைய மகன் தயங்கினார். “அலை மிகுந்தால் என்ன செய்வது, அம்மா?” என்றார். “நான் ஆறு வயதிலேயே கப்பல் ஏறியவள்டா. நீதான் இன்னும் ஏறவில்லை” என்று பெரியம்மா விடையளித்தார். அதன் பின் எவரும் மறுத்துப் பேசவில்லை.

காலையில் லுமுட் துறையிலிருந்து புறப்பட்டோம். அங்கிருந்து தீவை அடைய ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகின்றது. டிண்டிங் ஆற்றின் முகத்துவாரத்தைக் கடக்கையில் அரச மலேசியக் கடற்படைத் தளம் கண்ணுக்குத் தெரிந்தது. காற்று இதமாக வீசியது. பங்கோர்ப் பட்டணத்தில் இறங்கி, மலாய் இளைஞர் ஒருவரின் சிறு படகை நாள் முழுவதற்கும் அமர்த்திக் கொண்டோம். அவர் ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை அணிவித்தார். பெரியம்மாவை ‘நெனெக்’ என்று மரியாதையுடன் அழைத்து, கைப்பிடித்து ஏற்றி, நடுப்பலகையில் அமர்த்தினார்.

தீவின் கிழக்குக் கரை முழுவதும் மீனவர் குடியிருப்புகள். நீருக்குள் ஊன்றிய கால்களின்மேல் வீடுகள் நிற்கின்றன. இக்கான் பிலிஸ் எனப்படும் நெத்திலிக்குப் பங்கோர் பெயர்பெற்ற இடமாகும். பிடித்த மீனை உப்பு நீரில் அவித்து, பரப்பி உலர்த்துகின்றனர். நாம் நாசி லெமாக்கில் உண்ணும் ஒரு பிடி நெத்திலிக்குப் பின்னால் எத்தனை பேருடைய இரவுத் தூக்கம் இருக்கின்றது என்பதை அங்கே உணர்ந்தோம். விடியுமுன் மரம் சீவச் சென்ற நம் தோட்டத்து மக்களின் நினைவும் உடன் வந்தது.

முதலாவதாக நாங்கள் கரையிறங்கியது தெலுக் கெடுங் என்னுமிடத்தில். அங்கே டச்சுக்காரர் 1670ஆம் ஆண்டில் கட்டிய கோட்டையொன்று கூரையின்றிச் செங்கற்சுவர்களுடன் நிற்கின்றது. பேராவில் கிடைத்த ஈயத்தைச் சேர்த்து வைக்கவும், அவ்வாணிகத்தைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளவும் அவர்கள் இதனை எழுப்பினர். 1690இல் இது தாக்கப்பட்டு அழிந்தது. 1743இல் மீண்டும் கட்டினர். ஆயினும் 1748இல் கைவிட்டுச் சென்றனர். அருகில் பெரும்பாறை ஒன்றில் புலி ஒரு குழந்தையைக் கவ்விச் செல்வதுபோன்ற உருவமும் 1743 என்னும் ஆண்டும் செதுக்கப்பட்டுள்ளன. காணாமற்போன டச்சுக் குழந்தையின் நினைவாக அது செதுக்கப்பட்டதென்று ஊரார் கூறுகின்றனர். பெரியம்மா அப்பாறையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “எந்த நாட்டவளாயினும் பெற்றவள் பெற்றவள்தானே” என்று மட்டும் கூறினார்.

மீண்டும் படகேறித் தீவின் தென்முனையைச் சுற்றி வந்தோம். இந்தக் கடலுக்கும் நம் தோட்டங்களுக்கும் உள்ள தொடர்பினை எங்களுள் ஆசிரியராக இருக்கும் நண்பர் எடுத்துரைத்தார். லாரூட் ஈயச் சுரங்கங்களில் சீனக் குழுக்களுக்கிடையே சண்டை மூண்டிருந்தது. பேரா அரியணைக்கும் போட்டி நிலவியது. அவ்வேளையில், 1874ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20ஆம் நாள், பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் ராஜா அப்துல்லாவைச் சுல்தானாக ஏற்றுக்கொண்டார். அதற்கு ஈடாக, மலாய்க்காரர் சமயமும் வழக்காறும் நீங்கலான எல்லாவற்றிலும் ஆங்கிலேய ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு நடக்கச் சுல்தான் இசைந்தார். பங்கோரும் அதன் எதிர்க்கரையும் ஆங்கிலேயர் வசமாகி, 1935இல்தான் பேராவுக்குத் திரும்பின.

அவ்வாறு ரெசிடெண்டாக வந்தவர்களுள் ஒருவரான ஹியூ லோ என்பவரே, 1877இல் கோலகங்சாரில் பால்மரக் கன்றுகளை நடச் செய்தார். பின்னாளில் அம்மரம் நாடெங்கும் பரவியது, காடுகள் தோட்டங்களாயின, தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது, நம் முன்னோர் கப்பல் ஏறினர். ஒரு கப்பலில் இடப்பட்ட கையெழுத்து, காலப்போக்கில் எத்தனையோ ஆயிரம் குடும்பங்களைக் கடல் கடக்கச் செய்த கதையை எண்ணி வியந்தோம்.

பெரியம்மா மெல்லப் பேசத் தொடங்கியது அப்போதுதான். 1950ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறியதாகக் கூறினார். 1926இல் கட்டப்பெற்று, 1973 வரை தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச் சென்ற கப்பல் அது. ஏழைகளுக்குத் திறந்த தளமே இடம். கூட்டத்தில் பிரிந்துவிடாமல் இருக்க, தாயார் தம் சேலை முந்தானையால் மகளை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாராம். அலையிலும் வாந்தியிலும் நாட்கள் கழிந்தனவாம். பினாங்கை அடைந்ததும் ஜெரஜாக் தீவில் சில நாட்கள் தங்க வைத்தனர் என்றார்.

“என் தங்கைக்கு அப்போது காய்ச்சல். இரண்டு வயது. ஆயாவிடம் விட்டுவிட்டு வந்தோம். அடுத்த ஆண்டு வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று அம்மா சொன்னார். பிறகு பயணச் சீட்டுக்குப் பணம் சேரவில்லை. பணம் சேர்ந்தபோது சட்டம் மாறிவிட்டது என்றார்கள். ரஜுலாவும் நின்றது. 1976இல் அம்மாவும் போய்விட்டார்.”

படகில் எவரும் பேசவில்லை. பெரியம்மாவின் மகன் அறுபது வயதை எட்டியவர். தமக்கு ஒரு சிற்றன்னை இருந்தார் என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். “ஏன் அம்மா இதுவரை சொல்லவில்லை?” என்று கேட்டார். “நீங்கள் யாரும் கேட்கவில்லையே, தம்பி. பால் வாளியோடு ஓடிய ஓட்டத்தில் எனக்கும் சொல்ல நேரமில்லை” என்றார் பெரியம்மா.

பங்கோர் லாவுட் தீவை இடப்புறத்தில் விட்டு, பாசிர் போகாக் கடற்கரையைக் கடந்து, தெலுக் நிப்பாவில் இறங்கி உணவருந்தினோம். அங்கே இருவாய்ச்சிப் பறவைகள் மனிதருக்கு அஞ்சாமல் மரக்கிளைகளிலும் கூரைகளிலும் வந்து அமர்கின்றன. பெண்பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, சிறு இடைவெளி மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். ஆண்பறவையே இரை தேடி வந்து அவ்விடைவெளி வழியே தாய்க்கும் குஞ்சுக்கும் ஊட்டும். ஆண்பறவை திரும்பாவிடின் உள்ளிருப்பவை பசியால் வாடும். இதனைக் கேட்டதும் பெரியம்மா தம் தட்டிலிருந்த பப்பாளித் துண்டை எடுத்து ஒரு பறவைக்கு நீட்டினார். அவற்றின் இரையைக் காடே தரும் என்று படகோட்டி பணிவுடன் கூறவே, சிரித்துக்கொண்டு கையை மடக்கிக்கொண்டார்.

மாலையில் திரும்புமுன், நாகப்பட்டினம் எந்தத் திக்கில் உள்ளது என்று பெரியம்மா கேட்டார். படகோட்டி கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்து, வடமேற்கே கை காட்டினார். இயந்திரத்தை நிறுத்தச் சொன்ன பெரியம்மா, கைப்பையிலிருந்து வெற்றிலையும் சிறிது மல்லிகையும் எடுத்து நீரில் விட்டார். தாயாருக்காகவா, தங்கைக்காகவா என்று நாங்கள் கேட்கவில்லை. அலை அவற்றை மெல்ல இழுத்துச் சென்றது. “அன்று கடல் இவ்வளவு அழகாக இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. இன்று நன்றாகப் பார்த்துவிட்டேன்” என்றார். அந்தி வெயில் மலையின் பின் மறைய, கிழக்குக் கரையில் மீன்பிடிப் படகுகள் விளக்கேற்றிக்கொண்டு தொழிலுக்குப் புறப்பட்டன.

ஊர் திரும்பிய மறுவாரமே, பெரியம்மாவின் மகன் பழைய தகரப் பெட்டியைத் திறந்து, மடிந்து மஞ்சளித்த காகிதங்களை எடுத்து வைத்தார். கிராமத்தின் பெயரும் பாட்டனார் பெயரும் அவற்றில் இருந்தன. தங்கையின் குடும்பத்தைத் தேடி அவ்வூருக்குக் கடிதம் ஒன்று சென்றுள்ளது. விடை வருமோ, வாராதோ! ஆயினும் எழுபத்தைந்து ஆண்டுகளாக எவரும் உச்சரிக்காத ஒரு குழந்தையின் பெயரை இன்று அவ்வீட்டுப் பேரப்பிள்ளைகள் அறிவார்கள்.

மாணவச் செல்வங்களே! விடுமுறையில் வாய்ப்புக் கிட்டுமாயின், பெற்றோருடன் பங்கோர் சென்று வாருங்கள். கோட்டையையும் கடலையும் பறவைகளையும் காணுங்கள். ஆனால் அதற்கு முன்பாக, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் அருகில் ஒரு மாலைப் பொழுது அமருங்கள். நம் குடும்பம் எந்தக் கப்பலில் வந்தது, எந்தத் துறையில் இறங்கியது, யாரை விட்டுவிட்டு வந்தது என்று கேளுங்கள். அவர்கள் கூறுவதைத் தாளில் எழுதி வையுங்கள். உடன்படிக்கைகளின் நாளும் ஆண்டும் பாடநூலில் என்றும் கிடைக்கும். திறந்த தளத்தில் வந்தவர்களின் கதையோ அவர்கள் வாயில் மட்டுமே உள்ளது. அதனைக் கேட்டு வைக்கும் கடமை நம்முடையது.