அப்பாவின் பலூன் துப்பாக்கியும் அரை லிட்டர் தண்ணி பாட்டிலும்



இன்னைக்கு சுகர், பிரஷர் பத்தி எழுதப் போறதில்லை. ஒரு பழைய ஏர் கன்னின் மரக்கட்டைக்கு வீட்டிலேயே பாலிஷ் போட்ட கதை இது. கொஞ்சம் நீளமான த்ரெட்தான். தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க. நான் செய்த தப்பை நீங்க செய்யக் கூடாது.

என் அப்பா திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போட்டவர். மதுரை சித்திரைத் திருவிழா, இருக்கன்குடி ஆடி கடைசி வெள்ளி, வேளாங்கண்ணி செப்டம்பர் மாதம் என்று கூட்டம் கூடுகிற இடமெல்லாம் எங்க கடை இருக்கும். ஒரு படுதா, வரிசையாக பலூன், இரண்டு துப்பாக்கி. நான் எம்.பி.பி.எஸ். படித்தபோது ஹாஸ்டல் மெஸ் பில் கட்டியது அந்தப் பலூன்கள்தான்.

முழங்கால் வலி வந்த பிறகு அப்பா கடையை விட்டுவிட்டார். ஒரு துப்பாக்கி மட்டும் பரணில் கிடந்தது. கட்டை மேல நீலம், அதுக்குக் கீழே பச்சை, அதுக்கும் கீழே சிவப்பு என்று மூணு தடவை எனாமல் பெயின்ட் அடிச்சிருந்தார். நைட் டியூட்டி முடிந்து கிடைத்த இரண்டு நாள் ஓய்வில், "அப்பா, இதை மரக்கலருக்கே கொண்டு வந்து ஹாலில் மாட்டுவோம்" என்றேன். பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்க ஆரம்பிச்சிட்டார்.

முதல் பாடமே அவர் சொன்னதுதான். "குண்டு இல்லைன்னு நினைக்காதடா தம்பி. தொறந்து பாரு."

குழாயை மடக்கித் திறந்து பார்த்தேன். காலி. பிறகு திருகுகளைக் கழற்றி, இரும்புப் பாகத்தையும் மரக்கட்டையையும் பிரித்தோம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை மட்டும் வீட்டில் கழற்றக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் துள்ளினால் கண் போயிடும்.

அடுத்தது பெயின்ட். இங்கேதான் டாக்டர் மூளை வேலை செய்தது. பழைய எனாமல் பெயின்ட்களில் ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்களில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய பெயின்ட்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ரிமூவர் தடவி, ஈரமாகவே சுரண்டி, காகிதத்தில் மடித்து அப்புறப்படுத்தினேன். அதையும் மொட்டை மாடியில், திறந்த வெளியில் செய்தேன். சில ரிமூவர்களில் இருக்கும் மெத்திலீன் குளோரைடு உடம்புக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய அறையில் வேண்டவே வேண்டாம்.

பெயின்ட் போனதும் மரம் தெரிந்தது. கன்னம் வைக்கிற இடம் மட்டும் வழவழன்னு தேய்ந்திருந்தது. எத்தனை ஊர் கன்னமோ!

அங்கங்கே பள்ளம் இருந்தது. ஈரத்துணியை அதன் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் லேசாக அழுத்தினால் ஆவி உள்ளே போய், நசுங்கிய நார் உப்பி மேலே வரும். நார் அறுந்திருந்தால் மட்டும் வராது. பிறகு 120, 180, 240, 320 என்று வரிசையாக உப்புத்தாள். எப்பவும் மர ரேகை ஓடுகிற திசையில்தான் தேய்க்கணும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். முகத்தில் என்95 மாஸ்க் போட்டிருந்தேன். மரத்தூசியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது.

அடுத்து வால்நட் கலர் ஸ்டெய்ன். முதலில் வெளியே தெரியாத இடத்தில் தடவிப் பார்த்து, பிறகு முழுசா தடவி, மிச்சத்தைத் துடைத்தேன். நல்லா காய்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெய். கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். இது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும், அப்போது சூடு உண்டாகும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். அதனால் துணிகளை உடனே தண்ணீர் வாளிக்குள் போட்டேன்.

இவ்வளவு கவனமாக இருந்தவன் எங்கே கோட்டை விட்டேன் தெரியுமா?

முதல் கோட்டுக்கு எண்ணெயோடு டர்பன்டைன் கலக்கணும். பெரிய கேனிலிருந்து ஊற்றினால் சிந்துது. அதனால் அரை லிட்டர் தண்ணி பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி வெச்சேன். பார்க்க தண்ணி மாதிரியே இருக்கும்.

வார்டிலிருந்து போன் வந்தது. சிக்னலுக்காக நாலடி தள்ளிப் போனேன். விளையாடிக் களைத்து வந்த என் மூன்றரை வயது மகள் பாட்டிலை எடுத்து வாயில் வைத்துவிட்டாள்.

"டேய்ய்!" என்று அப்பா கத்தினார். முழங்கால் வலியோடு அவர் எழுந்து தட்டிவிடுவதற்குள் ஒரு வாய் உள்ளே போயிடுச்சு. பாப்பா இருமினாள், விடாமல் இருமினாள்.

என் அம்மா உப்புத்தண்ணியோடு ஓடி வந்தார். "வாந்தி எடுக்க வைடா!" நான் தடுத்தேன்.

இந்த இடத்தைக் கவனமா படிங்க. டர்பன்டைன், மண்ணெண்ணெய், தின்னர் எல்லாம் வயிற்றை விட நுரையீரலுக்குத்தான் பெரிய ஆபத்து. ரொம்ப நீர்த்த திரவம் என்பதால் சுலபமாக மூச்சுக்குழாய்க்குள் நழுவி, நுரையீரலைப் புண்ணாக்கும். வாந்தி எடுக்க வைத்தால் அது இரண்டாவது முறை தொண்டையைத் தாண்டும். விழுங்கும்போது தப்பித்த நுரையீரல் அப்போது மாட்டிக்கும்.

வாயைத் துடைத்து, நனைந்த சட்டையைக் கழற்றி, பாட்டிலையும் எடுத்துக்கிட்டு நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே ஓடினேன். மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, எக்ஸ்ரே. முதலில் நல்லா இருந்தாலும் சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் வரலாம். அதனால் குறைந்தது ஆறு மணி நேரம் கண்காணிப்பு.

அந்த ஆறு மணி நேரமும் எனக்கு ஒரு முகம்தான் ஞாபகம் வந்தது.

போன வருஷம் இதே கேஷுவாலிட்டிக்கு ஒரு அம்மா ஓடி வந்தார். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வைத்திருந்த மண்ணெண்ணெயைக் குழந்தை குடித்துவிட்டது. "ஏம்மா, அறிவிருக்கா உனக்கு? குடிக்கிற பாட்டில்லயா ஊத்தி வைப்ப?" என்று எல்லார் முன்னாடியும் கத்தினேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பதில் பேசாமல் நின்றார். குழந்தை மூன்று நாள் ஆக்சிஜனில் இருந்து பிழைத்து வீட்டுக்குப் போனது.

என்னை யாரும் கத்தவில்லை. டியூட்டி டாக்டர், "சார், டென்ஷன் ஆகாதீங்க" என்றார். சிஸ்டர் டீ வாங்கி வரச் சொன்னார். நான் செய்ததும் அந்த அம்மா செய்ததும் ஒரே தப்பு. அவருக்குத் திட்டு, எனக்கு டீ. அவராவது தெரியாமல் செய்தார். நான் படித்தவன்.

பாப்பா தப்பித்துவிட்டாள். எக்ஸ்ரே சுத்தம். "அந்தத் தண்ணி நாறுதுப்பா" என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மாவின் ஊர் எனக்குத் தெரியாது. இதைப் படிக்க நேர்ந்தால், மன்னிச்சிருங்கம்மா.

இப்போது உங்களுக்கு:

* மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன், ஆசிட் எதையும் குடிக்கிற பாட்டிலில் ஊற்றாதீங்க. ஐந்து நிமிஷத்துக்குக் கூட வேண்டாம்.
* குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத்தண்ணி, பால், முட்டை எதுவும் கொடுக்காதீங்க.
* நல்லா இருக்கிற மாதிரி தெரிந்தாலும் 108-ஐ அழைங்க. பாட்டிலையும் கையோடு கொண்டு வாங்க.
* மருத்துவமனையில் யாராவது திட்டுவார்கள் என்று பயந்து தாமதிக்காதீங்க. நான் இனி திட்ட மாட்டேன்.

கட்டை இப்போ ஆறு கோட் எண்ணெய் குடித்து அரக்கு நிறத்தில் மின்னுது. இரும்பை மாட்டியதும் அப்பா வாங்கி, தேய்ந்த அந்த இடத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். அதுக்கு முன்னாடி குழாயைத் திறந்து பார்த்தார். நான்தான் மாட்டினேன், காலி என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் பார்த்தார்.

உங்க வீட்டு அடுப்படி, பாத்ரூம், பரண் எல்லாவற்றையும் இன்னைக்கே ஒருமுறை பாருங்க. இல்லைன்னு நினைக்காதீங்க.