ஒரு விநாடியும் ஒரு கையெழுத்தும்

மூன்றாண்டு டிப்ளமோ முடியப் போகிறது. மலருக்கு ஏதாவது எழுது என்றதும் முதலில் ஞாபகம் வந்தது ஒரு சிறுவனின் கணுக்கால்தான்.

எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட், தானாக ஓடும் ஒரு தள்ளுவண்டி. முன்னால் அல்ட்ராசானிக் சென்சார், நடுவில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. எதிரே ஏதாவது வந்தால் நிற்க வேண்டும். நின்றது, ஆனால் சும்மா சும்மா நின்றது! திரைச்சீலை ஆடினால் நின்றது, யாராவது ஓரமாகப் போனால் நின்றது. "மச்சான், எக்ஸிபிஷன் அன்னிக்கு மானம் போயிடும்டா" என்றான் நண்பன். இரவோடு இரவாக நான் ஒரு வரி சேர்த்தேன். தடை ஒரு விநாடி தொடர்ந்து தெரிந்தால் மட்டும் பிரேக் போடு. அவ்வளவுதான். வண்டி ஜோராக ஓடியது.

கண்காட்சியன்று கீழே விழுந்த பேனாவை எடுக்க ஒரு பள்ளி மாணவன் குனிந்தான். சென்சார் அவனை முக்கால் மீட்டரில் பார்த்துவிட்டது. வண்டியின் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர். நான் சொன்னபடி அது ஒரு விநாடி காத்திருந்தது. கணக்கு தப்பவே இல்லை! கணுக்காலில் தோல் கிழிந்து ரத்தம். நல்லவேளை, கட்டோடு போயிற்று.

பிறகு அமெரிக்காவில் நடந்த விபத்து ஒன்றைப் பற்றிப் படித்தபோது என் கை நடுங்கியது. அரிசோனா மாநிலம் டெம்பி நகரில், 2018 மார்ச் 18 இரவு, ஊபர் நிறுவனம் சோதனை ஓட்டம் விட்ட தானியங்கிக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 விநாடி முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. வாகனமா, சைக்கிளா, வேறு பொருளா என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. கடக்கும் கோடு இல்லாத இடத்திலும் மனிதர் கடப்பார் என்ற எண்ணமே மென்பொருளில் இல்லை. ஆபத்து என்று தெரிந்த பிறகும் உடனே பிரேக் போடவில்லை. வீண் எச்சரிக்கையாக இருக்குமோ என்று ஒரு விநாடி தாமதம் வைத்திருந்தார்கள். ஆம், அதே ஒரு விநாடி!

காரில் இருந்த கண்காணிப்பு ஓட்டுநர் சாலையைப் பார்க்காமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பெரிய தவறுதான். 2023-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு இல்லை என்று 2019-லேயே அரசுத் தரப்பு வழக்கறிஞர் முடிவு செய்துவிட்டார். சரி, அந்தத் தாமதத்தை வடிவமைத்தவர்? அந்த வேலைக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. இல்லாத உரிமத்தை எப்படி ரத்து செய்வது?

அங்கே பொறியாளர் உரிமம் புதிதல்ல. வயோமிங் மாநிலம் 1907-லேயே கொண்டுவந்தது. டெக்சாஸ் மாநிலம் நியூ லண்டன் ஊரில் எரிவாயுக் கசிவால் ஒரு பள்ளிக்கூடமே வெடித்து ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டனர். அந்த ஆண்டே அம்மாநிலத்தில் உரிமச் சட்டம் வந்தது. அந்த நாள் 1937 மார்ச் 18. தேதியைக் கவனித்தீர்களா? ஆனால் பெரும்பாலான மாநிலங்களில், தொழில் நிறுவனத்துக்குள் பொருள் தயாரிக்கும் பொறியாளருக்கு விலக்கு உண்டு. பாலத்தின் வரைபடத்துக்குக் கையெழுத்து வேண்டும், காரின் மூளைக்கு வேண்டாம்! மென்பொருள் பொறியாளருக்கென்று 2013-ல் உரிமத் தேர்வு ஒன்று தொடங்கினார்கள். மொத்தம் 81 பேரே எழுதினர். 2019-க்குப் பிறகு அதுவும் நின்றுவிட்டது.

நம் நாட்டிலும் வழக்கறிஞருக்கு 1961-லும், கட்டடக் கலைஞருக்கு 1972-லும் சட்டம் வந்தது. பொறியாளருக்கான மசோதாவோ பல்லாண்டுகளாக வரைவாகவே கிடந்திருக்கிறது.

என் அப்பா உரிமம் பெற்ற வயரிங் கான்ட்ராக்டர். ஒருமுறை ஒரு வீட்டில் எர்த் சரியில்லை என்று டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். வீட்டுக்காரர் கூடுதல் பணம் தருவதாகச் சொல்லியும் அசையவில்லை. "போட்டா நாளைக்கு என்னைத்தானே கேப்பாங்க" என்றார். அவரிடம் டெம்பி கதையைச் சொல்லி, "உரிமம் இருந்திருந்தா அந்தம்மா பிழைச்சிருப்பாங்களாப்பா?" என்று கேட்டேன்.

"லைசென்ஸை வாடகைக்கு விடுறவனும் ஊர்ல இருக்கான் தம்பி. பேப்பர் யாரையும் காப்பாத்தாது. ஆனா, 'இதுல கையெழுத்துப் போட மாட்டேன், போட்டா என் லைசென்ஸ் போயிடும்'னு மேலதிகாரிகிட்ட சொல்ல ஒரு தைரியம் வேணும்ல? அதைக் குடுக்கும்" என்றார்.

அன்றிரவு புராஜெக்ட் ரெக்கார்டைத் திறந்தேன். நான் சேர்த்த அந்த வரி அதில் எங்குமே இல்லை. ஒரு பக்கம் சேர்த்து, என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், யாருக்கு அடிபட்டது என்று எழுதி, கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். "மார்க் குறையும்டா" என்றான் நண்பன். குறைந்தது.

சட்டம் வரும்போது வரட்டும் நண்பர்களே! நாளை நம்மில் சிலர் ஓட்டுநர் இல்லாத வண்டிக்கு வரி எழுதலாம். அந்த வரியின் கீழே, யாரும் கேட்காவிட்டாலும், நம் பெயரைப் போட முடியுமா என்று ஒரு விநாடி யோசிப்போம். தாமதம் அங்கே இருக்கட்டும், பிரேக்கில் வேண்டாம்!