அம்மாவின் அட்டை

எங்கம்மா செத்த பன்னெண்டாம் நாள் அச்சாபீசுக்குப் போனேன். முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை போடணும். உள்ளங்கை அளவு அட்டை. முன்பக்கம் படம், பேர், பிறந்த நாள், இறந்த நாள். பின்பக்கம் ஒரு வசனம், இல்லாவிட்டால் ஒரு செபம். பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள் கையில் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய செபப்புத்தகம் ஒன்று உண்டு. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அட்டை செருகி வைக்கத்தான் அவளுக்கு அந்தப் புத்தகம். முப்பது நாப்பது பேர் அதற்குள் இருந்தார்கள். சில ராத்திரிகளில் அதைப் பிரித்துவைத்துக்கொண்டு, "இவ எங்கூட நடவுக்கு வந்தவ, இவன் பாம்பு கடிச்சுச் செத்தவன்" என்று ஒவ்வொருத்தராகச் சொல்லிக்கொண்டே தூங்கிப்போவாள். அவளும் இனி அதற்குள்தான் போகணும்.

அச்சாபீஸ் பையன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். "கிறிஸ்டியன்ல பதினாலு மாடல் இருக்குக்கா. நம்பர் மட்டும் சொல்லுங்க, போதும்." மேய்ப்பன் சங்கீதம் நாலு மாடலில் இருந்தது. யோவான் சுவிசேஷத்தில் உயிர்ப்பைப் பற்றி வருவது மூன்றில். பவுல் தன் ஓட்டத்தை முடித்துவிட்டதாகச் சொல்லுவது இரண்டில். ஒன்பதாம் நம்பரில் எசமான் தன் வேலைக்காரனை நல்லவன், நம்பிக்கையானவன் என்று மெச்சுகிற வசனம். "இதான் நெறையப் பேரு எடுக்கறாங்க" என்றான்.

எடுப்பார்கள்தான். பரலோகத்து எசமானைப் பற்றிய உவமை அது என்று எனக்கும் தெரியும். ஆனால் எங்கம்மா அறுபது வருசம் அடுத்தவன் வயலில் குனிந்து கிடந்தவள். மேலத்தெருவில் பல்லு முளைக்காத பயல்கள்கூட அவளைப் பேர் சொல்லி, 'வாடி போடி' என்று கூப்பிட்டார்கள். அவர்களும் வேதக்காரர்கள்தான். ஞாயித்துக்கிழமை ஒரே பூசை, ஒரே நற்கருணை. அவளைச் செத்த பிறகும் நல்ல வேலைக்காரி என்று அச்சடித்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நம்பர் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி திருவிவிலியத்தை எடுத்துவைத்துக்கொண்டு தேடினேன். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு, நான் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கினது. யோபு மூன்றாம் அதிகாரத்தில் நின்றேன். அவர் தான் பிறந்த நாளையே சபிக்கிற இடம் அது. அதில் சாவுக்குப் பிறகு போகிற இடத்தைப் பற்றிப் பேசுகிறார். அங்கே பெரிய ஆள் சின்ன ஆள் கிடையாது, வேலை ஏவுகிறவன் அதட்டல் காதில் விழாது, அடிமையாக இருந்தவனுக்கு ஆண்டை இல்லை என்கிற அர்த்தத்தில் போகிறது. இதுதான் அம்மாவுக்கு என்று எனக்குப் பட்டது.

உபதேசியார் எனக்குப் பெரியப்பா முறை. அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா நம்ம கல்லறையில செவுரு இருக்கே."

"இருக்கட்டுமே பெரியப்பா."

"பெரியவனும் சின்னவனும் அங்க ஒண்ணுன்னு அட்டையில போட்டா, வம்புக்குப் போட்ட மாதிரி ஆயிடும். சாமியாரு என்ன நெனைப்பாரு?"

கல்லறைக்குள் சாதிச் சுவர் என்றால் எல்லோரும் திருச்சி மேலப்புதூரைத்தான் சொல்லுவார்கள். எங்கள் ஊர்ச் சுவர் அவ்வளவு பேர் வாங்கவில்லை. இடுப்பு உயரம்தான். ஆடு தாண்டிவிடும், எங்கள் பிணம் தாண்டாது. தூம்பாகூட அவர்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. அம்மாவை இந்தப் பக்கம் புதைத்துவிட்டு வந்த மண் இன்னும் என் சேலைக் கரையில் இருந்தது. வம்புக்குத்தான் போடுகிறேன் என்று சொல்லவில்லை. "சாமியாரு வேதத்துல இல்லாததையா போடுறேன்?" என்று மட்டும் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துக்கொண்டார்.

வசனத்துச் சண்டை இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அண்ணன் போன் பண்ணினான்.

"சிலுவை போடப் போறியா?"

இதற்கு மேல் சொல்லணுமானால் எங்கள் சர்ட்டிபிகேட் கதையைச் சொல்லணும். அண்ணனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது விவரம் தெரிந்த வாத்தியார் ஒருத்தர் அப்பாவிடம் சொல்லி, ஞானஸ்நானப் பேரை விட்டுவிட்டு வேறு பேர் எழுதினார். மதம் இந்து. என்னைச் சேர்த்தது கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில். கோயில் ரிஜிஸ்டரில் இருந்த பேர் அப்படியே ஏறியது. அதனால் அண்ணன் எஸ்.சி., நான் பி.சி. ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே சேரி, ஒரே சுவருக்கு இந்தப் பக்கம். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கோயிலுக்குள் எங்களுக்குச் சாதி உண்டு, சர்க்கார் காகிதத்தில் கிடையாது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருத்தரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறித்தவராக வாழ்ந்துகொண்டு இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லுவது அரசியலமைப்புச் சட்டத்தின் மேல் செய்கிற மோசடி என்று தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு அண்ணன் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னாள்.

அவன் மத்திய அரசு ஆபீசில் வேலை செய்கிறான். முப்பதாம் நாளுக்கு ஆபீசிலிருந்து ஆட்கள் வருவார்கள். அட்டையின் கீழே மகன் என்று அவன் பேர், மேலே சிலுவை. "ஒரு அட்டை போதும் பாப்பா. மொட்டைக் கடுதாசியோட சேத்து வெச்சு அனுப்பிடுவானுங்க."

எனக்குக் கோபம் வந்தது. அம்மா தினமும் செபமாலை சொன்னவள், அவளுக்குச் சிலுவை இல்லாத அட்டையா என்று கத்தினேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "அம்மா காலைல வேலைக்குப் போறப்ப ஒண்ணு சொல்லுமே, ஞாபகம் இருக்கா?" என்றான்.

இருந்தது. குடிசையை விட்டு இறங்கும்போது வாசலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சொல்லுவாள்: "தாயே, இன்னிக்குப் போறவங்க எல்லாம் பொழுது சாய்றதுக்குள்ள முழுசா வீடு வந்து சேரணும்." அண்ணனும் நானும் அவளும் அப்பாவும் அதில் அடக்கம். எந்தத் தாய் என்று அவள் சொன்னதில்லை. எங்களுக்கு அது மாதாதான். கேட்கிறவர்கள் மாரியம்மா என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றும் குறையாது. அதைத்தான் அவன் யோசித்திருக்கிறான். எனக்கு அது அப்புறம்தான் புரிந்தது.

கடைசியில் இரண்டு அட்டை போட்டோம். கோயில் அட்டையில் சிலுவை, ஞானஸ்நானப் பேர், முன்பக்கம் அம்மாவின் செபம், பின்பக்கம் யோபு. கீழே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று மட்டும் போட்டோம், யார் பேரும் இல்லை. ஆபீஸ் அட்டையில் ரேசன் கார்டுப் பேர், ஒரு விளக்குப் படம், அம்மாவின் செபம், அண்ணன் பேர். அச்சாபீஸ் பையன், "ஒரே ஆளுதானாக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். எனக்கு இன்னும் ஒப்பவில்லை. அண்ணனைக் குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை.

பூசை அன்றைக்கு உபதேசியார் பெரியப்பாதான் வாசலில் நின்று அட்டை கொடுத்தார். மேலத்தெருக்காரர்கள் வந்தபோதும் கை நிறுத்தவில்லை. பின்பக்கத்தை மேலே வைத்துக் கொடுத்ததைப் பார்த்தேன். வாங்கினவர்கள் படித்தார்களோ என்னவோ. சாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் ஆபீஸ்காரர்களோடு புளியமரத்தடியில் நின்றான், கோயிலுக்குள் வரவே இல்லை.

ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணினான். அண்ணி பக்கத்தில் இல்லை போலிருக்கிறது, மெதுவாகப் பேசினான்.

"சிலுவை போட்டதுல மிச்சம் இருக்கா பாப்பா?"

"இருக்குண்ணே. அனுப்பட்டுமா?"

"அனுப்பாத. ஒண்ண அந்தப் புஸ்தகத்துல எனக்குன்னு எடுத்து வெய்யி. ரிட்டையர்டு ஆனதும் வந்து வாங்கிக்கிறேன்."

அதற்கு இன்னும் ஆறு வருசம் இருக்கிறது.