பத்து கியர் சைக்கிள் ஒற்றை கியர் ஆன கதை

எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவரில் பதினைந்து வருடங்களாக ஒரு சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது. பெழோ சைக்கிள். கார் செய்கிறார்களே, அதே பெழோதான். காருக்கு முன்பே, 1882-லேயே அவர்கள் சைக்கிள் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். வளைந்த ஹாண்டில்பார், மெல்லிய டயர், முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் ஐந்து. ஆகப் பத்து கியர். என் அண்ணன் பிரான்சிலிருந்து 1979-இல் கொண்டுவந்தது.

அண்ணன் சொல்தா. நம் ஊர்க்காரர்களுக்கு அந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அண்ணனுக்கு அப்போது 21 வயது. எழுதிக் கொடுத்தார். எனக்கு 11 வயது. சிறுவர்களுக்கு அப்பாவின் முடிவுதான் முடிவு. அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அண்ணன் பட்டாளத்துக்குப் போனார். நான் அதே பிரெஞ்சுப் படிப்பை வைத்துக்கொண்டு இந்திய அரசாங்கக் கோப்புகளில் 36 வருடம் குறிப்பு எழுதினேன். அவர் பென்ஷனோடு திரும்பிவந்து, 2010-இல் காலமாகும் வரை, தினமும் விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் இந்தச் சைக்கிளைத்தான் ஓட்டினார்.

போன தைப் பொங்கலுக்கு வந்த பேரன் அதைப் பார்த்துவிட்டான். கல்லூரிக்கு ஓட்டிக்கொண்டு போகவேண்டுமாம். கியர் மாற்றும் கருவி உடைந்துபோயிருந்தது. அதில் பாதி பிளாஸ்டிக். வெயிலும் வயதும் சேர்ந்து பிஸ்கட் மாதிரி நொறுங்கிவிட்டது. அதே சாமான் இங்கே கிடைக்காது.

"கியரே வேணாம் தாத்தா. ஃபிக்ஸட் ஆக்கிடலாம். இப்ப அதுதான் எல்லாரும் ஓட்டுறாங்க. பிரேக்கையும் எடுத்துடலாம், பாக்க சுத்தமா இருக்கும்" என்றான்.

ஃபிக்ஸட் என்றால் என்ன என்று தெரியாத நண்பர்களுக்குச் சொல்கிறேன். நாம் ஓட்டிய சைக்கிள்களில் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் இருக்கும். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் டிக் டிக் என்று உருண்டுகொண்டே போகும். பிரெஞ்சில் இதை ரூ லிப்ர், சுதந்திரச் சக்கரம் என்பார்கள். ஃபிக்ஸட் சைக்கிளில் இந்தச் சுதந்திரம் கிடையாது. பல்சக்கரம் ஹப்போடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், பெடல் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும். குழந்தைகளின் மூன்று சக்கர வண்டி அப்படித்தான். சர்க்கஸ்காரர் ஓட்டும் ஒற்றைச் சக்கரமும் அப்படித்தான். வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பெடலைக் காலால் எதிர்த்துப் பிடிக்க வேண்டும்.

இது புதுமையும் இல்லை. 1903-இல் தூர் த ஃபிரான்ஸ் பந்தயம் தொடங்கியபோது கியர் மாற்றும் சைக்கிள் அதில் கிடையாது. பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ரான்ழுக்குக் கியர் என்றாலே ஆகாது. கியரெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்பது அவர் கட்சி. வீரர்கள் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் பல்சக்கரம் மாட்டிக்கொள்வார்கள். மலை வந்தால் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். 1937-இல்தான் எல்லா வீரர்களுக்கும் கியர் மாற்றும் கருவியை அனுமதித்தார்கள். அந்த வருடம் ஜெயித்த ரொழே லபேபி அதைப் பயன்படுத்தித்தான் ஓட்டினார்.

இன்றைக்கும் பிரேக் இல்லாத ஃபிக்ஸட் சைக்கிள் உண்டு. ஆனால் அது வெலோட்ரோம் என்கிற வட்டப் பந்தய மைதானத்துக்கானது. அங்கே எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். குறுக்கே மாடு வராது, ஷேர் ஆட்டோ வராது, கதவைப் படாரென்று திறக்கும் கார் வராது. பிரேக் இருந்தால்தான் அங்கே ஆபத்து, முன்னால் போகிறவர் திடீரென்று பிடித்தால் பின்னால் வருகிறவர்கள் மேலே விழுவார்கள். இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். "நேரு வீதி வெலோட்ரோம் இல்லடா" என்றேன். தெருவில் ஓடும் சைக்கிளுக்கு இரண்டு பிரேக் இருக்கவேண்டும் என்று பிரான்சிலேயே சட்டம் இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவன் முகம் தொங்கிவிட்டது.

முடிவை அண்ணியிடம் விட்டோம். சைக்கிள் அவர்களுடையதுதானே. அண்ணிக்கு 80 வயது, அடுத்த தெருவில் இருக்கிறார்கள். கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவரு இருந்தா ஓட்டுடான்னுதான் சொல்லியிருப்பாரு. ஆனா ரெண்டு பிரேக்கும் இருக்கணும். அவரு சாமான் ஒண்ணும் வீணாகக் கூடாது" என்றார்கள். இந்த இரண்டு கட்டளைகளுக்கும் உட்பட்டு வேலை ஆரம்பமாயிற்று.

இரண்டாவது கட்டளையை நான் இப்படி அர்த்தப்படுத்திக்கொண்டேன்: எதையும் அறுக்கக் கூடாது, பற்றவைக்கக் கூடாது. கழற்றியதைத் திரும்ப மாட்ட முடியவேண்டும். ஆபீசில் கோப்பு பார்த்தவர்களுக்கு இது புரியும். தப்பான உத்தரவாக இருந்தாலும் தாளைக் கிழிக்கமாட்டோம். அதன்மேல் புது உத்தரவு போட்டுக் கட்டிவைப்போம். நாளை ஒருவர் வந்து பழையதைக் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டுமே. கியர் மாட்டும் காதை அறுத்துவிட்டால் ஃபிரேம் அழகாக இருக்கும் என்று பேரன் ஒரு படத்தைக் காட்டினான். அந்தக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

பழைய கியர் சைக்கிள் எல்லாவற்றையும் ஒற்றை கியராக மாற்றிவிட முடியாது. முதலில் பார்க்கவேண்டியது பின்சக்கர அச்சு உட்காரும் பள்ளம். அது கிடைமட்டமாக இருந்தால் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இழுத்துக்கொள்ளலாம். நேர் செங்குத்தாக இருந்தால் செயினை இழுத்துப் பிடிக்கத் தனியாக ஒரு கருவி வேண்டும். ஃபிக்ஸட் சைக்கிளுக்கு அந்தக் கருவியும் ஒத்துவராது, எதிர்த்துப் பிடிக்கும்போது தாங்காது. அண்ணன் சைக்கிளில் கிடைமட்டப் பள்ளம். அடுத்தது பின் அச்சின் அகலம். ஐந்து பல்சக்கரக் காலத்து வண்டியில் அது 120 மில்லிமீட்டர். வட்டப் பந்தய ஹப்பின் அகலமும் அதே 120. அதனால் ஃபிரேமை நெம்பி வளைக்கும் வேலை இல்லை.

தொல்லை வந்தது மரையில். நம் நாட்டுச் சைக்கிளெல்லாம் ஆங்கிலேய மரையில் செய்தவை. இது பிரெஞ்சு மரை. நம் ஃப்ரீவீலின் மரை விட்டம் ஏறக்குறைய 34.8 மில்லிமீட்டர், ஒரு அங்குலத்துக்கு 24 சுற்று. பிரெஞ்சு ஹப்பில் 34.7, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரு சுற்று. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கையால் திருகினால் இரண்டு மூன்று சுற்று ஏறவும் ஏறும். சேர்ந்துவிட்டது என்று நினைத்து ஏறி மிதித்தால் இரண்டு மரையும் கிழிந்துபோகும். முத்தியால்பேட்டையில் நாற்பது வருடமாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர்தான் வேலை பார்த்தார். ஒரு சுற்றுத் திருகியதுமே கையை எடுத்துவிட்டார். "சார், இது நம்ம மரை இல்ல. ஏறும், ஆனா நிக்காது."

பெடல் அச்சுக் கிண்ணத்திலும் இதே கதை. வலதுபக்கக் கிண்ணம் ஆடிக்கொண்டிருந்தது. ஆங்கிலேய சைக்கிளில் வலதுபக்கம் இடமரை. இடப்பக்கமாகத் திருகினால் இறுகும். அவர் அப்படியே திருகினார், கிண்ணம் கையோடு வர ஆரம்பித்தது. அண்ணனின் பழைய நோட்டு ஒன்று சைக்கிள் சாமான் பெட்டியில் இருந்தது. பட்டாளத்தில் இருந்தபோது பிரெஞ்சில் எழுதியது. அதைப் புரட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே மரை, வலதுபக்கம் தானே கழன்றுவரும், அடிக்கடி இறுக்கு என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். படித்துச் சொன்னேன். மெக்கானிக் எதிர்ப்பக்கம் திருகினார். இறுகியது. 45 வருடத்துக்கு முந்தைய கையெழுத்து அன்றைக்கு எங்களுக்கு உதவியது.

பெடலில் ஒரு பக்கம் டி, மறுபக்கம் ஜி என்று பொறித்திருந்தது. "டி-ன்னா டவுனா தாத்தா?" என்று கேட்டான் பேரன். இல்லை, த்ருவாத், கோஷ். வலது, இடது. நான் லிசேயில் படித்த பிரெஞ்சு வீட்டுக்கு உபயோகப்படுகிறது என்று என் மனைவி முதல்முறையாக ஒப்புக்கொண்டாள்.

பின்சக்கரத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். அண்ணனின் ஹப்பைக் கழற்றி எடுத்துவைத்துவிட்டு, அவருடைய அதே ரிம்மில் புது ஹப் வைத்துப் புதிதாகப் போக்ஸ் கம்பி பின்னினோம். 36 கம்பி. புது ஹப்புக்கு இரண்டு பக்கமும் மரை உண்டு. ஒரு பக்கம் ஃப்ரீவீல் போடலாம், மறுபக்கம் ஃபிக்ஸட் பல்சக்கரம் போடலாம். பழைய தூர் வீரர்கள் திருப்பி மாட்டிய சக்கரத்தின் பேரப்பிள்ளை இது. ஃபிக்ஸட் பக்கத்தில் இடமரையில் ஒரு பூட்டு வளையம் வரும். எதிர்த்து மிதிக்கும்போது பல்சக்கரம் கழன்று ஓடாமல் அதுதான் பிடிக்கும். பணத்தை மிச்சம் பிடிப்பதாகச் சிலர் சாதாரண ஃப்ரீவீல் ஹப்பிலேயே ஃபிக்ஸட் பல்சக்கரத்தைத் திருகிக்கொள்கிறார்களாம். பூட்டு வளையத்துக்கு அங்கே இடமில்லை. நிறுத்த நினைத்து எதிர்த்துப் பிடிக்கிற நேரத்தில் கழன்றுகொள்ளும். பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டயரில் மட்டும் பிரெஞ்சுக்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள். 700சி என்பது அவர்களுடைய பழைய அளவுமுறை. அவர்கள் மரை உலகத்தில் வழக்கொழிந்துவிட்டது, ஆனால் அந்தச் சக்கர அளவு இன்றைக்கு உலகம் முழுவதும் ஓடுகிறது. நம் ஊர்க் கடையிலேயே புது டயர் கிடைத்தது.

எத்தனை பல் வைப்பது? ஆங்கிலேயர் இதை அங்குலத்தில் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர் கணக்கு எளிது. ஒருமுறை பெடல் சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் போகிறது என்று பார்ப்பார்கள். தெவ்லொப்மான் என்று பெயர். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவான 2.1 மீட்டரால் பெருக்க வேண்டும். அண்ணன் நோட்டில் பத்து கியருக்கும் கட்டம் போட்டு எழுதியிருந்தார். முன்னால் 52, பின்னால் 14 என்றால் 7.8 மீட்டர். முன்னால் 42, பின்னால் 28 என்றால் 3.15 மீட்டர். நாங்கள் முன்னால் 42-ஐ வைத்துக்கொண்டு பின்னால் 18 பல் ஃப்ரீவீல் போட்டோம். 4.9 மீட்டர். கடற்கரைப் பக்கம் முழுக்கச் சமதரை, பேரன் சும்மா மிதிக்கிறான். கோரிமேடு ஏற்றத்தில் மட்டும் சீட்டிலிருந்து எழுந்து மிதிக்க வேண்டியிருக்கிறது. 19 வயதுக் காலுக்கு அது ஒரு கஷ்டமா?

கடைசியில் செயின். முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். கோணலாக இருந்தால் சத்தம் போடும், தேயும், கழன்றுவிழும். வெளிப்பக்கம் இருந்த 52 பல் வளையத்தைக் கழற்றிவிட்டு உள்பக்க 42-ஐ மட்டும் விட்டதும் கோடு நேராகிவிட்டது. வளையம் போன இடத்தில் போல்ட்டுகள் நீளமாக நின்றன, வாஷர் போட்டுச் சரிசெய்தோம். செயினும் அகலச் செயின், நம் சாதாரண சைக்கிளுக்குப் போடுவதேதான். கல்லாகிப்போயிருந்த பிரேக் கட்டைகளையும் கம்பிகளையும் புதிதாக மாற்றினோம். முன்னும் பின்னும்.

கழற்றிய சாமான்களை வீட்டுத் தராசில் போட்டுப் பார்த்தேன். பழைய ஹப் நீங்கலாக ஒரு கிலோ முந்நூறு கிராம். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியின் உள்பக்கம் பட்டியல் ஒட்டினேன். தமிழில் ஒரு வரிசை, பிரெஞ்சில் ஒரு வரிசை. உடைந்த கியர் கருவியும் அதில் வரிசை எண் 4.

ஹப்பின் மறுபக்கத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறோம். ஒரு வருடம் ஒழுங்காக ஓட்டினால், இரண்டு பிரேக்கும் இருக்கும் என்ற நிபந்தனையோடு, ஃபிக்ஸட் பல்சக்கரம் வாங்கித்தருவதாகப் பேரனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அண்ணியிடம் ஓட்டிக் காட்டினான். தெருமுனை வரை போய்த் திரும்பிவந்து அவர்கள் முன்னால் பிரேக் பிடித்து நின்றான். "சத்தமே இல்லாம வருதே. அவரு வந்தா கிர் கிர்ருனு கேக்கும், நான் காபி வைப்பேன்" என்றார்கள். பிறகு அவனுக்குக் காபி வைக்க உள்ளே போனார்கள்.

நம் ஊரில் இன்னும் பல வீடுகளின் பின்கட்டில் இப்படிப்பட்ட சைக்கிள்கள் தொங்குகின்றன. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்பார். கொடுப்பதற்கு முன் பெடலைத் துடைத்துப் பாருங்கள். டி, ஜி என்று இருந்தால் அது பிரெஞ்சு மரை. நம்ம ஃப்ரீவீலை அதில் யாரும் பலவந்தமாகத் திருக விடாதீர்கள். பின் அச்சுப் பள்ளம் கிடைமட்டமாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மற்றதை ஒரு நல்ல மெக்கானிக்கும் ஒரு பேரப்பிள்ளையும் பார்த்துக்கொள்வார்கள்.