சிங்கத்தின் பங்கு

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கில மரபுத்தொடர்களைக் கற்பிப்பது சுவையான வேலை. மீன்சுருட்டியில் மாலை நேரங்களில் என்னிடம் படிக்க வரும் பெண்பிள்ளைகள் பொருளை மனப்பாடம் செய்வதோடு நிற்பதில்லை. "இதற்கு நம்மிடம் என்ன சொல்வார்கள், டீச்சர்?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரைக்கு இழுத்து வந்தது.

தன்னலத்தைப் பழிக்கும் தொடர்களில் ஆங்கிலமும் தமிழும் உடன்பிறப்புகளாகவே இருக்கின்றன. 'டாக் இன் தி மேஞ்சர்' என்பதற்கு விளக்கமே வேண்டியதில்லை. நம் வைக்கோற்போர் நாய்தான் அது. தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது. கேக்கைத் தின்னவும் வேண்டும், அது கையில் இருக்கவும் வேண்டும் என்று ஆங்கிலேயர் கேலி செய்வதை நாம் 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை' என்கிறோம். பெண் வாத்துக்கு ஊற்றும் குழம்பே ஆண் வாத்துக்கும் என்பது அவர்கள் கூறும் நியாயம். நாமோ அதையே குத்தலாகச் சொல்லி வைத்தோம்: மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இதைச் சொன்னதும் வகுப்பில் எழும் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாகும். எந்த வீட்டில் எந்தக் குடம் உடைந்ததோ!

நியாயத்தைச் சொல்லப் புகும்போதுதான் இரு மொழிகளும் வெவ்வேறு வழியில் பிரிகின்றன. ஆங்கிலம் விளையாட்டுத் திடலுக்குப் போகிறது. 'ஃபேர் ப்ளே' என்றால் நேர்மை. நேர்மையற்ற செயலைக் கண்டால், 'இது கிரிக்கெட் அல்ல' என்பார்கள். தமிழ் வயலுக்குப் போகிறது. எங்கள் ஊருக்குத் தெற்கே, கும்பகோணம் சாலையில், 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய அணைக்கரை இருக்கிறது. அங்கிருந்து பிரியும் வடவாறு வீராணம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டு போகிறது. இப்படித் தண்ணீரைப் பங்கிட்டு வாழும் பகுதியில், 'முறை' என்னும் சொல்லை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்று உன் முறை, நாளை என் முறை. அநீதிக்கு ஆளானவன் முறையிடுகிறான் என்னும்போது அதே சொல் நீதியைக் குறிக்கிறது. "அவர் உனக்கு என்ன முறை?" என்னும்போது உறவையும் குறிக்கிறது. வரிசை, நீதி, உறவு மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தாம்.

கடைவீதியிலும் இரு மொழிகளும் சந்திக்கின்றன. 'பேக்கர்ஸ் டஜன்' என்றால் 13. பதின்மூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரொட்டியின் எடை குறைந்தால் தண்டனை என்று சட்டம் வந்தது. அதற்கு அஞ்சி 12க்கு 13 கொடுத்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். நம் கடைக்காரர் அச்சமின்றியே கொசுறு கொடுக்கிறார். நிறுத்துத் தரும்போது தட்டைச் சற்றுத் தாழவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் எடைபோடுபவர் ஒருவரிடம் சொன்னார்கள். பலர் கூடி உண்ணும்போது, உடனிருப்பவரின் அனுமதியின்றி இரண்டு பேரீச்சம்பழங்களைச் சேர்த்து எடுப்பதைத் தடுத்தார்கள் என்பது இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு. ஒரு பேரீச்சம்பழத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று நமக்குத் தோன்றலாம். தோன்றக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தடை. அளவில் மோசடி செய்வோரைப் பற்றித் திருமறையில் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது, 83ஆம் அத்தியாயம். தமக்கு வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களுக்கு அது கேடு உரைக்கிறது.

இனி 'லயன்ஸ் ஷேர்' என்னும் தொடருக்கு வருவோம். பெரும்பங்கு என்று இன்று பொருள் கொள்கிறார்கள். ஈசாப்பின் பழைய கதையிலோ சிங்கம் பெரும்பங்கை அல்ல, முழுவதையுமே எடுத்துக்கொண்டது. மற்ற விலங்குகளோடு கூட்டுவேட்டை ஆடிவிட்டு இரையை நான்கு கூறாக்கியது. நான் அரசன், ஆகவே முதற்கூறு எனக்கு. உங்களோடு வேட்டையாடினேன், ஆகவே இரண்டாவதும் எனக்கு. நானே வலியவன், ஆகவே மூன்றாவதும். நான்காவதைத் தொடத் துணிந்தவர் தொட்டுப் பாருங்கள்!

முதல் மூன்றுக்கும் சிங்கம் காரணம் சொன்னதைக் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் நடக்கும் பாகப்பிரிவினையிலும் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. அத்தாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவர்கள் நாங்கள். உன் நிக்காஹ்வுக்கு நகையும் சீரும் செய்தவர்கள் நாங்கள். மச்சான் வசதியாகத்தானே இருக்கிறார்? இத்தனையும் சொல்லி முடிந்த பிறகு நான்காவது வரும்: பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசலை மறந்துவிட வேண்டியதுதான்.

கணக்கு கடினமானதன்று. தாயும் தந்தையும் மௌத்தாகி, இரண்டு ஆண்மக்களும் ஒரு மகளும் இருக்கிறார்கள். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் போக மிஞ்சியது ஐந்து ஏக்கர் என்றால், மகன்களுக்கு இரண்டிரண்டு, மகளுக்கு ஒன்று. தந்தை உயிரோடிருக்கும்போது செய்த சீர் அவர் மனமுவந்து தந்த அன்பளிப்பு. அதை இந்த ஒரு ஏக்கரில் கழிக்க இடமில்லை. பெண்ணுக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லும்போதே, சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் அது விதிக்கப்பட்ட பங்கு என்று அந்நிஸா அத்தியாயம் சேர்த்துச் சொல்கிறது. நாட்டுச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த திருத்தம் அந்த விலக்கையும் நீக்கிவிட்டது. நெல்லும் கரும்பும் முந்திரியும் விளையும் எங்கள் பக்கத்தில், இந்தத் திருத்தத்தை அறிந்த சகோதரிகள் மிகச் சிலரே.

ஹஜ்ஜுப் பெருநாளில் ஏழு பேர் சேர்ந்து ஒரு மாட்டைக் குர்பானி கொடுக்கும்போது, இறைச்சியைத் தராசில் வைத்து ஏழு கூறாக நிறுக்கிறோம். ஒரு துண்டு கூடினால் எடுத்து அடுத்த கூற்றில் வைக்கிறோம். அங்கே எவரும், "நீ விட்டுக்கொடு" என்று சொல்வதில்லை. நிலம் என்று வந்தவுடன் தராசு எங்கே போகிறதோ தெரியவில்லை. 'விட்டுக்கொடு' என்னும் சொல் மட்டும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

என் உறவில் ஒரு பெரியம்மாவை உடன்பிறந்தவர்கள் காரில் அழைத்துப் போய், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, ஒரு பட்டுப்புடவையும் எடுத்துக் கொடுத்து அனுப்பினார்கள். பெருந்தன்மையான பெண் என்று ஊரே புகழ்ந்தது. கணவர் மௌத்தான பிறகு அவர் தம் மருந்துச் செலவுக்கு மகனிடம் கைநீட்டும் நிலை வந்தது. புகழ்ந்த ஊருக்கு அது தெரியாது. தன் தேவையைப் பின்தள்ளிப் பிறருக்கு முதலிடம் தருவதை ஈஸார் என்கிறோம். மதீனத்து அன்சாரிகள் அதில் சிறந்து விளங்கினார்கள். அவர்கள் விட்டுக்கொடுத்தது தங்கள் கைக்கு வந்து சேர்ந்த பொருளை. பங்கையே கண்ணில் காட்டாமல் ஒருத்தியிடம் ஈஸாரை எதிர்பார்ப்பதற்கு என்ன பெயர் வைப்பது? ஜும்ஆ குத்பாவின் முடிவில் வாராவாரம் ஓதப்படும் வசனத்தில் அத்ல் முதலில் வருகிறது, இஹ்ஸான் அதற்குப் பின்னர் வருகிறது. நீதி முதலில், நன்மை செய்தல் அடுத்து. நாம் பெண்மக்களிடம் மட்டும் இரண்டாவதை முதலில் கேட்கிறோம்.

என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணின் வீட்டில் இந்த வரிசை மாறாமல் நடந்தது. பாட்டனார் மௌத்தான சில மாதங்களில் ஹஜ்ரத்தை அழைத்துப் பங்கைக் கணக்கிட்டார்கள். நில அளவையர் வந்து கல் ஊன்றினார். அத்தைக்குச் சேர வேண்டியது அவர் பெயரிலேயே பட்டாவானது. அந்த நிலத்தை இப்போது தம்பிதான் குத்தகைக்குப் பயிரிடுகிறார். முதல் அறுவடையில் பேசிய மூட்டைகளோடு ஒரு மூட்டை கூடுதலாக வந்து இறங்கியிருக்கிறது. எண்ணிப் பார்த்த அக்கா, "இது எதற்கு?" என்று கேட்க, "கொசுறு" என்றாராம் தம்பி.