சூலத்துக்குப் பால்

கொருக்குப்பேட்டையில் வளர்ந்தவர்களுக்குத் திசை என்றால் தண்டவாளம்தான். வடக்கே போனால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர். தெற்கே பேசின் பிரிட்ஜ், சென்ட்ரல். இன்னொரு கிளை வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகக் கடற்கரை ஸ்டேஷனுக்குப் போகும். கிழக்கே காசிமேடு. மேற்கே வியாசர்பாடி. கண்ணைக் கட்டிவிட்டாலும் கூட்ஸ் வண்டியின் சத்தத்தை வைத்து எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவோம். எந்தத் திசை நல்லது, எது கெட்டது என்பது வேறு கணக்கு. அது பெரியம்மா வீட்டுச் சுவரில் தினசரி காலண்டராகத் தொங்கியது.

அந்தக் காலண்டரை எனக்கு ஞாபகப்படுத்தியது ஜப்பான்காரர் ஒருவர். ஹிரோஹிகோ அராகி. 1987-லிருந்து ‘ஜோஜோ’ என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக ஓடும் காமிக்ஸை வரைந்துவருகிறார். அதன் ஆறாவது பாகம் ‘ஸ்டோன் ஓஷன்’. 2000-த்தில் தொடங்கி 2003-ல் முடிந்த இந்தக் கதை, 2021 டிசம்பரில் அனிமேவாக நெட்பிளிக்ஸுக்கு வந்தது. அக்கா மகன்தான் போட்டுக் காட்டினான். கதை நடப்பது அமெரிக்காவில், ஃப்ளோரிடாவில் உள்ள ஒரு ஜெயிலில். அங்கே கென்ஸோ என்று ஒரு கிழவர். வெளியே இருந்தபோது ஒரு மதக் கும்பலுக்குத் தலைவர். இந்தக் கதையில் ஆளுக்கொரு ஆவிபோல ஒரு சக்தி கூடவே நிற்கும். கிழவரின் சக்தி ஒரு டிராகன், பெயர் ‘டிராகன்ஸ் ட்ரீம்’. ஃபெங் சுயி வல்லுநர்கள் கையில் வைத்திருக்கும் வட்டமான திசைகாட்டிக்குள் சுருண்டு மிதந்துகொண்டிருக்கும்.

அந்த டிராகன் யாரையும் கடிக்காது, நெருப்பும் கக்காது. இந்த நிமிஷம் உனக்கு எந்தத் திசை யோகம், எந்தத் திசை ஆகாது என்று மட்டும் காட்டும். கிழவர் யோகமான திசைக்கு நகர்ந்து நின்றுகொள்வார். அவரை நோக்கி வருகிற அடி எப்படியோ விலகிப் போகும். எதிராளி தெரியாமல் கெட்ட திசையில் கால் வைத்தால் போச்சு, இல்லாத விபத்தெல்லாம் அங்கேதான் நடக்கும்.

“அந்த டிராகன் யாரு சைடுடா?”

“யாரு சைடும் இல்ல மாமா. எதிராளி கேட்டாலும் சொல்லும்.”

அந்தப் பதிலில்தான் எனக்குப் பெரியம்மா வீட்டுச் சுவர் தெரிந்தது.

தாளைக் கிழித்தால் ராகு காலம், எமகண்டம், குளிகை, சந்திராஷ்டமம் எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரு மூலையில் சிறிய எழுத்தில் சூலம், பரிகாரம். திங்களும் சனியும் கிழக்கு. செவ்வாய், புதன் வடக்கு. வியாழன் தெற்கு. வெள்ளி, ஞாயிறு மேற்கு. அந்தந்த நாளில் அந்தத் திசைக்குப் பயணம் ஆகாது. முதலாளி வீட்டிலும் அதே தாள்தான், தொழிலாளி வீட்டிலும் அதே தாள்தான். கேஸ் போட்டவனுக்கும் கேஸில் மாட்டியவனுக்கும் ராகு காலம் ஒரே நேரத்தில்தான் வரும்.

பெரியப்பாவுக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. எண்ணூர் வடக்கே. அப்படியென்றால் வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் புதனும், அவர் நேராகச் சூலத்துக்குள்தான் போய்வந்தார். அவர் மட்டுமா? டப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்த ரயிலில் தொங்கிய அத்தனை பேரும்தான். பெரியப்பா யூனியன்காரர், சாமி படத்துக்கு முன்னால்கூட கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். “ஷிப்ட்டு கம்பெனி போடுது, சூலம் காலண்டர்காரன் போடுறான். நடுவுல நான் இன்னா பண்றது?” என்பார். பெரியம்மா அசரமாட்டாள். வடக்குச் சூலத்துக்குப் பரிகாரம் பால். “ஒரு டீ குட்ச்சிட்டுப் போய்யா. அதுல பால் கீதில்ல?” அவ்வளவுதான். சாஸ்திரமும் நிறைவேறியது, ரயிலும் தவறவில்லை. ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் காலை ஐந்தரைக்கு எத்தனை பேர் அறியாமலே பரிகாரம் செய்துகொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

கிழக்குச் சூலத்துக்குத் தயிர். சனிக்கிழமை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகும்போது பெரியம்மா ஒரு கரண்டி தயிரை வாயில் போட்டுக்கொண்டு கிளம்புவாள். மீனும் தயிரும் ஒன்றாக வயிற்றில் சேரக்கூடாது என்று எங்களை அதட்டுகிறவளும் அவளேதான். மேற்குக்கு வெல்லம், அது எங்களுக்குக் கொண்டாட்டம். வியாழக்கிழமை பாரிமுனைப் பக்கம் போவதென்றால் தெற்குக்குத் தைலம். தலையில் எண்ணெய் வழிய வழியத் தேய்த்துத்தான் அனுப்புவாள்.

டிராகனின் சண்டையில் இந்தப் பரிகாரம் கிடையாது. எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது. கெட்ட திசை என்றால் கெட்ட திசைதான், அடி விழுந்தே தீரும். முதலில் மாட்டிக்கொள்வது எஃப்.எஃப். என்ற பாத்திரம். பார்க்கப் பெண், உள்ளே இருப்பதோ நீரில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம், ஒரு கைதியின் உடம்பை எடுத்துக்கொண்டு நடமாடுகிறது. தண்ணீர் குறைந்தால் துவண்டுவிடும். லாரித் தண்ணீருக்குக் குடம் அடுக்கி நின்ற தெருக்காரனுக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் தனிப் பாசம் வந்ததில் ஆச்சரியமில்லை. அப்புறம் அனசூயி என்பவன் வருகிறான். (நம் காதுக்கு அனுசுயா மாதிரி கேட்கும், ஆள் ஆண்தான்.) அவன் தனக்கு யோகமான திசையைத் தேடி ஓடவில்லை. தனக்கு அடிபட்டாலும் சரி என்று துணிந்து, கிழவரின் காலுக்குள்ளேயே தன் சக்தியைப் புகுத்தி, அவரைக் கெட்ட திசையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். திசையை நம்பியே வாழ்ந்தவருக்குச் சொந்தக் கால் துரோகம் செய்துவிட்டது. ஜோஜோ முழுவதிலும் இவ்வளவு கணக்காக முடிந்த சண்டை குறைவு என்பேன். அக்கா மகன் இதை ஒப்புக்கொள்ளமாட்டான், அவனுக்கு வேறு பட்டியல் இருக்கிறது.

வடசென்னைச் சண்டை என்றால் எல்லோரும் குத்துச்சண்டையைத்தான் சொல்வார்கள். 2021-ல் ‘சார்பட்டா பரம்பரை’ வந்தபிறகு அது இன்னும் அதிகம். எனக்கு முதலில் ஞாபகம் வருவது கேரம். தெருமுனைக் கிளப், தாழத் தொங்கும் குண்டு பல்பு, பலகை முழுக்க போரிக் பவுடர். டபுள்ஸ் ஆடினால் நாலு பேர், நாலு திசை. எங்கள் கிளப்பில் ஒரு அண்ணன் இருந்தார், கிழக்கே பார்த்துத்தான் உட்காருவார். அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் ஆடாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பந்தயம் பத்து ரூபாயும் ஆளுக்கொரு பஜ்ஜியும்தான், ஆனாலும் அந்தப் பக்கத்துக்கு அடிதடியே நடந்திருக்கிறது.

முறையான போட்டிகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒற்றையர் ஆட்டத்தில் ஒரு கேம் முடிந்தால் இருவரும் பக்கம் மாறி உட்காரவேண்டும். மூன்றாவது கேம் வரை போனால் அதன் நடுவிலும் மாறவேண்டும். கிழக்கு உனக்குக் கொஞ்ச நேரம், எனக்குக் கொஞ்ச நேரம். விதியை எழுதியவர்கள் வெளிச்சத்தையும் பலகையின் சரிவையும் நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள், ஆனால் அது அந்த அண்ணனின் சாஸ்திரத்தையும் சேர்த்து முடித்துவிடுகிறது. பக்கத்தில் செரியன் நகரிலிருந்து போன ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்தார். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் காயைக் குழியில் போடத் தெரிந்தவர். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது.

ஃபெங் சுயி எங்கள் பக்கம் வந்தது ரொம்பப் பிந்தி, பர்மா பஜார் வழியாக. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கடற்கரை ஸ்டேஷன் ஓரம் போட்ட கடைகள் அவை. கேசட், கடிகாரம், சென்ட்டு பாட்டில் இருந்த இடத்தில் ஒரு நாள் சிரிக்கும் புத்தர் வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே வாயில் காசு கவ்விய மூன்று கால் தவளை, கண்ணாடிக் குவளையில் மூங்கில். சித்தப்பா ஒருவர் தவளையை வாங்கிவந்து வாசலைப் பார்த்து வைத்தார். பெரியம்மா அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இதுக்கு எவ்ளோ குட்த்த?” என்று மட்டும் கேட்டாள். அவளுடைய பரிகாரங்கள் எல்லாம் சமையல்கட்டு அலமாரியில் இருப்பவை. காசு கொடுத்து வாங்கும் அதிர்ஷ்டத்தை அவள் கடைசிவரை நம்பவில்லை. சீனச் சாஸ்திரத்தை நான் குறை சொல்லவில்லை. மலை, ஆறு, காற்று பார்த்துக் கல்லறைக்கும் ஊருக்கும் இடம் தேர்ந்தெடுக்கப் பிறந்த பழைய வித்தை அது, தவளை விற்பதற்காகப் பிறந்ததல்ல.

நம்மிடமும் மனையடி சாஸ்திரம் இருக்கிறது. இத்தனை அடி அறைக்கு இன்ன பலன் என்று அடி அடியாகச் சொல்லும். ஒன்பதடி ஆகாது. பத்தடி நல்லது, கால்நடை பெருகும். கொருக்குப்பேட்டையில் பாதி வீடுகள் பத்துக்குப் பத்துதான். சாஸ்திரப்படி அத்தனையும் யோகமான வீடுகள். ஆடு மாட்டுக்குத்தான் உள்ளே இடமில்லை, ஆறு பேர் படுத்திருந்தோம்.

ரயில்வே கேட் விழுந்தால் இந்தக் கணக்கெல்லாம் நின்றுவிடும். நல்ல நேரத்தில் கிளம்பிய கல்யாண வேனும் ராகு காலத்தில் கிளம்பிய குப்பை லாரியும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கும். அராகி இந்தக் கேட்டைப் பார்த்திருந்தால் கென்ஸோவை இங்கேதான் நிறுத்தியிருப்பார். நாலு திசையும் தெரியும், எந்தத் திசைக்கும் போகமுடியாது.

அக்கா மகன் இப்போது படம் வரைகிறான், கண்கள் பெரிதாக, முடி கூர்கூராக, எல்லாம் ஜப்பான் பாணியில். அவன் வயதுக்காரர்கள் நிறையப் பேர் வரைகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லலாம். தினசரி காலண்டர் அடிக்கும் ஊர் சிவகாசி. அடுத்த வருஷ மாதிரி ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்றே வெளியிட்டுவிடுவார்கள். 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் கிளம்பியதும் அதே சிவகாசியிலிருந்துதான். காலண்டரும் காமிக்ஸும் ஒரே ஊரில் அச்சாகியும், சூலத்தை வைத்து ஒரு சண்டைகூட இன்னும் என் கண்ணில் படவில்லை. புதன்கிழமை, வடக்கே போகும் ரயில், கையில் ஒரு டீ என்று யாராவது தொடங்குங்கள். முதல் பிரதி எனக்கு.