90 நாளுக்கு ஒரு சிவப்பு வட்டம்... ஒரு குட்டி விமானமும் ஒரு குடும்பமும்!

அமெரிக்காவின் சான் ஹோசே நகரத்தில் இருக்கிறது அந்த வீடு. சமையலறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர். அமாவாசை, பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட், கார் சர்வீஸ் என்று எல்லாம் அதில்தான் எழுதப்படும். அவற்றுக்கு நடுவே ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு தேதியைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம் இருக்கும்.

"அப்பாவோட கெடு" என்பாள் மகள்.

உண்மையிலேயே அது கெடுதான். அமெரிக்க விமானச் சட்டப்படி, ஒருவர் தன் விமானத்தில் இன்னொருவரை ஏற்றிச் செல்ல வேண்டுமானால், அதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் மூன்று முறை ஏறி, மூன்று முறை இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் லைசென்ஸ் கையில் இருந்தாலும் தனியாகத்தான் பறக்கலாம். மகளையோ மனைவியையோ பக்கத்தில் உட்கார வைக்க முடியாது.

அந்த வீட்டுத் தலைவருக்கு வயது 52. சாஃப்ட்வேர் வேலை. சொந்த ஊர் தாம்பரத்தை அடுத்த சேலையூர். விமானப்படைத் தளம் கூப்பிடு தூரம். மொட்டை மாடியில் வடாம் காவலுக்கு உட்கார வைத்தால், காக்காவை விரட்டாமல் பயிற்சி விமானங்களை எண்ணிக்கொண்டிருந்த பையன் அவர். பைலட் ஆகும் ஆசையை வீட்டில் சொன்னபோது, அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எவ்வளவு ஆகும்?" பதில் தெரிந்த பிறகு இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கூரைக்கு மேல் சத்தம்

2006-ல் அவரும் மனைவியும் சான் ஹோசேயில் வாடகைக்குப் பிடித்த முதல் அபார்ட்மென்ட், ரீட்-ஹில்வியூ என்ற சிறு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 1930-களின் இறுதியில் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய நிலையம் அது. அப்போது சுற்றிலும் விவசாய நிலம். இப்போது நான்கு பக்கமும் வீடுகள், பள்ளிகள், ஒரு பெரிய ஷாப்பிங் மால்.

சத்தம் அதிகம் என்பதால் வாடகை குறைவு. மனைவிக்கு அது தொல்லை. அவருக்கோ போனஸ்! அந்த வருடமே மகள் பிறந்தாள். அவளுக்கு அவர் காட்டிய முதல் வேடிக்கை நிலா அல்ல, கூரைக்கு மேலே தாழ்வாகப் போகும் செஸ்னா விமானம். மூன்று வருடம் அங்கே இருந்தார்கள்.

வேறு வீடு மாறிய பிறகு, 2012-ல் அதே நிலையத்தில் பறக்கக் கற்றுக்கொண்டார். 2014-ல் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு பழைய விமானத்தில் கால் பங்கு வாங்கினார். 1975-ம் வருடத்து செஸ்னா 172. நான்கு இருக்கை, ஒற்றை இன்ஜின். உலகிலேயே அதிக எண்ணிக்கையில் தயாரான விமான ரகம் இதுதான். இதுவரை 44,000-க்கும் மேல்.

சொந்த விமானம் என்றதும் ஊரில் உறவினர்கள், "பெரிய ஆளாயிட்டான்பா" என்றார்கள். ஆனால் அந்த நான்கு பேரில் ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஒருவர் நர்ஸ். இன்னொருவர் கார் மெக்கானிக். ஆளுக்குக் கால் பங்கு போட்டபோது, ஒரு சுமாரான காரின் விலைதான் ஆனது.

வாங்குவது சுலபம்... வைத்திருப்பது?

யானையைக் கட்டித் தீனி போடுவதென்றால் என்னவென்று அடுத்த சில வருடங்களில் புரிந்தது. நிறுத்தி வைக்க மாத வாடகை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் இன்ஷூரன்ஸ். 12 மாதத்துக்கு ஒரு முறை விமானத்தைப் பிரித்துப் பார்த்து மெக்கானிக் கையெழுத்துப் போட வேண்டும். பைலட்டுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பயிற்சியாளரோடு பறந்து காட்டும் பரிசோதனை. மருத்துவத் தகுதி தனி. நால்வரில் ஒருவர் கார் மெக்கானிக்தான். ஆனாலும் அந்த விமானத்துக்குக் காரில் போடும் ஆல்டர்னேட்டரை எடுத்து மாட்டிவிட முடியாது. விமானத்துக்கென்று சான்று பெற்ற பொருள்தான் போட வேண்டும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். விலை மட்டும் பல மடங்கு.

2020 ஜனவரி 1 முதல் இன்னொரு விதி வந்தது. பெரிய நகரங்களைச் சுற்றியுள்ள வான்வெளியில் பறக்க, விமானம் தன் இருப்பிடத்தைத் தானே அறிவித்துக்கொண்டே இருக்கும் ஒரு கருவி கட்டாயம். விமானங்கள் மோதாமல் இருக்க உதவும் நல்ல ஏற்பாடு. பொருத்த சில ஆயிரம் டாலர்.

இதையெல்லாம் அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். புரட்டிப் பார்த்தால், 'இது தேவையில்லாத விதி' என்று அடிக்கோடிட எதுவும் இல்லை. பலவும் எங்கோ, எப்போதோ நடந்த விபத்துக்குப் பிறகு வந்தவை. 180 பேர் பயணிக்கும் விமானத்தில் இப்படி ஒரு செலவு வந்தால் டிக்கெட்டில் சில ரூபாயாகக் கரைந்துவிடும். இங்கே பங்கிட்டுக்கொள்ள நாலே பேர்தான்.

இந்தக் கதை பழசு. 1956-ல் புது செஸ்னா 172-ன் விலை சுமார் 9,000 டாலர். இன்று நான்கு லட்சம் டாலருக்கு மேல். விலைவாசி உயர்வைக் கணக்கில் எடுத்தாலும் சில மடங்கு அதிகம். 1978-ல் அமெரிக்கக் கம்பெனிகள் 17,000-க்கும் அதிகமான சிறு விமானங்களை விற்றன. 1994-ல் அது ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. பொருளாதார மந்தம் ஒரு காரணம். விபத்து நடந்தால், பல பத்தாண்டுகளுக்கு முன் தயாரித்த விமானத்துக்கும் கம்பெனியே நஷ்டஈடு தர வேண்டிய வழக்குகள் இன்னொரு காரணம். செஸ்னா 1986-ல் சிறு விமானத் தயாரிப்பையே நிறுத்தியது. 18 வருடத்துக்கு மேல் பழைய விமானங்களுக்காகத் தயாரிப்பாளர் மீது பெரும்பாலும் வழக்குப் போட முடியாது என்று 1994-ல் சட்டம் வந்த பிறகுதான் மறுபடி ஆரம்பித்தது. இடைப்பட்ட காலத்தில் தனியார் பைலட்டுகள் குறையத் தொடங்கிவிட்டார்கள். 1980-ல் மூன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். இப்போது அதில் பாதிக்கும் பக்கம்தான்.

"எனக்கு டெஸ்ட் எடுத்தீங்களாம்மா?"

பணக் கணக்கை எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்த அந்த வீட்டில், 2021 ஆகஸ்ட்டில் வேறொரு கணக்கு வந்து நின்றது.

சிறு விமானங்கள் குடிக்கும் பெட்ரோலில் ஈயம் உண்டு. இன்ஜினுக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடித்துவிடாமல் இருக்கச் சேர்க்கிறார்கள். கார் பெட்ரோலில் ஈயத்துக்கு அமெரிக்கா 1996-லும், இந்தியா 2000-லும் தடை போட்டுவிட்டன. சிறு விமானங்களில் மட்டும் தொடர்ந்தது. இந்தச் சந்தை மிகச் சின்னது. மாற்று எரிபொருள் ஒவ்வொரு வகை இன்ஜினுக்கும் பொருந்துமா என்று சோதித்துச் சான்று வாங்கவும் வருடக்கணக்கில் ஆகும்.

ரீட்-ஹில்வியூவைச் சுற்றி வசிக்கும் குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள், சுமார் 17,000 மாதிரிகள், ஆராயப்பட்டன. நிலையத்துக்கு அருகில் வசிப்பவர்களுக்கும், காற்று வீசும் கிழக்குப் பக்கம் வசிப்பவர்களுக்கும் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தது என்றது அறிக்கை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் பொருள் ஈயம். இவ்வளவு இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது.

மகளுக்கு அப்போது 15 வயது. பள்ளியில் அந்தச் செய்தியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டில் கேட்டாள்.

"அப்பா, உங்க ப்ளேன்லயும் அந்தப் பெட்ரோல்தானா?"

"ஆமாம்மா."

"நாம முன்னாடி இருந்த வீடு அங்கதானே? எனக்கு டெஸ்ட் எடுத்தீங்களாம்மா?"

அம்மா தட்டைப் பார்த்தபடி, "ஒரு வயசுல எடுத்தோம். பயப்பட ஒண்ணும் இல்லைன்னாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கணவரிடம், "ஏங்க, அந்த அபார்ட்மென்ட்ல இப்பவும் குழந்தைங்க இருக்குமில்ல?" என்றார்.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வருடம் அந்தப் புகைக்குக் கீழே குழந்தையை வைத்திருந்ததும் அவர். பிறகு மேலே ஏறி அதே புகையை விட்டதும் அவர்.

2022 ஜனவரி 1 முதல், அந்த நிலையத்தில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனையை மாவட்ட நிர்வாகம் நிறுத்தியது. ஈயமில்லாத 94 ஆக்டேன் எரிபொருள் மட்டும்தான். செஸ்னாவின் பழைய, சக்தி குறைந்த இன்ஜினுக்கு அது போதும். அதற்கான அனுமதிச் சான்றை வாங்கிக்கொண்டார்கள். ஆனால், பக்கத்தில் நின்ற சக்தி வாய்ந்த இன்ஜின் விமானங்களுக்கு அது பொருந்தாது. அவற்றின் உரிமையாளர்கள் பெட்ரோல் போடவே வேறு ஊருக்குப் பறக்க வேண்டியிருந்தது. பைலட்டுகள் பலருக்குக் கோபம். நிலையத்தையே மூட வேண்டும் என்ற கோரிக்கையும் வலுத்தது. மத்திய அரசிடம் வாங்கிய மானியத்தின் நிபந்தனைகளால் 2031 வரை அது திறந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு?

கூட்டங்களில் பைலட்டுகள் 1989 பூகம்பத்தை நினைவுபடுத்தினார்கள். மலைச்சாலை அடைபட்டபோது, வாட்சன்வில் பகுதிக்கு நிவாரணப் பொருட்களைக் கொண்டு போனவை இப்படிப்பட்ட சிறு விமானங்கள்தான். அது உண்மை. எழுந்து நின்ற தாய்மார்கள் தங்கள் குழந்தைகளைப் பற்றிப் பேசினார்கள். அதுவும் உண்மை. பைலட் நண்பர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அவர், எந்தப் பக்கத்துக்கும் கைதட்டவில்லை.

கடைசி மீட்டிங்

2024-ல் செஸ்னாவின் இன்ஜின் 2,000 மணி நேரத்தைத் தொட்டது. முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டிய கட்டம். செலவு 30,000 டாலருக்கு மேல். நம்ம ஊர்க் கணக்கில் சுமார் 25 லட்சம் ரூபாய்! அதே மாதம் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் கடிதமும் வந்தது. ஆசிரியருக்கு 70 வயது தாண்டிவிட்டதால் பிரீமியம் எகிறியிருந்தது.

விமானத்தின் இறக்கைக்குக் கீழே நான்கு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். "நான் விலகிக்கிறேன், நீங்க மூணு பேரும் பறங்க" என்றார் ஆசிரியர். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு என்று மெக்கானிக் கணக்குப் போட்டார். நர்ஸ் அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு, தன் மகன் கல்லூரியில் சேரப்போவதைச் சொன்னார். யாரும் சண்டை போடவில்லை. அரை மணி நேரத்தில் முடிவாகிவிட்டது.

அரிசோனாவில் உள்ள ஒரு பயிற்சிப் பள்ளி விமானத்தை வாங்கிக்கொண்டது. வருடம் முழுக்க வெயில் அடிக்கும் அந்த மாநிலத்துக்குப் பறக்கக் கற்றுக்கொள்ள இந்திய மாணவர்களும் போகிறார்கள். இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த மணி நேரங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட குட்டி விமானங்களில்தான் சேர்கின்றன. சென்னையிலிருந்து டெல்லிக்கு நம்மை அழைத்துப் போகும் பைலட்டும், ஒரு காலத்தில் நாலு சீட் விமானத்தில் தடுமாறி இறங்கியவர்தான். சிறு விமானங்களை வைத்திருக்க யாராலும் முடியாமல் போனால், அந்தப் பயிற்சிக்கான செலவு இன்னும் ஏறும். எங்கோ ஒரு வீட்டில் ஒரு அப்பா, "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிட்டு அமைதியாகிவிடுவார்.

சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று, அவர் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினார். தேதியும், விற்ற தொகையும். பிறகு காலண்டரைப் பார்த்தார். சிவப்பு வட்டம் இன்னும் 40 நாள் தள்ளி இருந்தது.

"இனிமே இது எதுக்குங்க?" என்றார் மனைவி.

"இருக்கட்டும்" என்றார் அவர்.

இப்போதும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரத்துக்கு ஒரு வாடகை செஸ்னா எடுக்கிறார். மூன்று முறை ஏறி, மூன்று முறை இறங்கினால் கணக்கு நேராகிவிடும். வெளிநாட்டு டூரையும் ஹோட்டல் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும் செலவு அது.

கல்லூரி விடுமுறைக்கு வந்த மகளை, போன முறை கூட அழைத்துப்போனார். ஏறியதும் வலதுபக்கம் திரும்பினால் அந்தப் பழைய அபார்ட்மென்ட் தெரியும். மாடி பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கீழே சின்னதாக ஒரு சைக்கிள்.

மகள் எட்டிப் பார்த்துவிட்டு, ஹெட்செட்டில் கேட்டாள். "இதுல என்ன பெட்ரோல்பா?"

"ஈயம் இல்லாதது."

"விலை ஜாஸ்தியோ?"

"கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றார். பிறகு அடுத்த இறக்கத்துக்குத் தயாரானார். இன்னும் இரண்டு பாக்கி இருந்தது.